புரிந்துவிட்டது என்ற நினைப்பு

இணையம் வந்தபின் இளைஞர்கள் வாசிப்பதையே விட்டுவிட்டார்கள் என்ற புலம்பல் பாதிதான் உண்மை. வாட்ஸ்அப் பகிர்வு, தேடுபொறி தரும் விடை, காணொளிக்குக் கீழே நான்கு வரி விளக்கம் என ஒரு மாணவர் விழித்ததிலிருந்து உறங்கும்வரை எதையாவது வாசித்துக்கொண்டேதான் இருக்கிறார். இந்த வாசிப்பு அவரது படிப்புக்குக் கை கொடுக்கிறதா என்பதே கேள்வி.

ஸ்பெயின் ஆய்வாளர் பாப்லோ டெல்காடோவும் அவரது சகாக்களும் 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். தாளில் படித்தவர்களுக்குத் திரையில் படித்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே புரிந்திருந்தது. கதைகளில் இந்த வேறுபாடு தென்படவில்லை. தகவல் செறிந்த பகுதிகளில் தெரிந்தது. நேர நெருக்கடியில் இன்னும் கூடியது. பாடப்புத்தகமும் தேர்வும் இந்த இரண்டுக்குள்தான் அடங்குகின்றன.

அப்படியானால் குற்றவாளி திரையா? இஸ்ரேலைச் சேர்ந்த ராக்கெஃபெட் ஆக்கர்மன், மோரிஸ் கோல்ட்ஸ்மித் 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. படிக்கும் நேரத்தை ஆய்வாளர்களே வரையறுத்தபோது இரு தரப்பினரும் ஏறத்தாழச் சமமாகவே மதிப்பெண் பெற்றனர். எவ்வளவு நேரம் படிப்பது என்பதை மாணவர்களின் விருப்பத்துக்கு விட்டபோது, திரையில் படித்தவர்கள் பின்தங்கினர். ஆனால், தாங்கள் நன்றாகவே எழுதுவோம் என்று அவர்கள் மிகையாக நம்பினர். ‘புரிந்துவிட்டது’ என்ற நினைப்பு, புரிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. திரையில் மேலோட்டமாக மேய்ந்தே பழகிய மனம், பாடத்தையும் அதே வேகத்தில் கடக்கிறது.

இதற்கு நேர்மாறான இன்னோர் உண்மையும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், செய்திகளின் உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் ஒப்பிட்டனர். முன்பின் தெரியாத ஓர் இணையதளத்தை எடைபோடுவதில் சரிபார்ப்பவர்களே தேர்ந்தவர்கள். அவர்கள் அந்தப் பக்கத்திலேயே தங்கவில்லை. உடனே வெளியேறி, அதை நடத்துபவர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைத் தேடினார்கள். ஆக, எங்கே விரைந்து நகர வேண்டும், எங்கே ஊன்றி நிற்க வேண்டும் என்று அறிவதே இணைய வாசிப்பின் திறன். இது தானாக வருவதில்லை, கற்றுக்கொடுக்க வேண்டும்.

‘ஏசர்’ என்ற கல்வி நிலை ஆய்வின் 2024 அறிக்கையின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் 14–16 வயதினரில் 82 விழுக்காட்டினருக்குத் திறன்பேசியை இயக்கத் தெரியும். தமிழகப் பாடநூல்களில் 2018 முதலே கியூஆர் குறியீடுகள் இடம்பெறுகின்றன. கருவியையும் இணைப்பையும் தர முனைந்த நாம், அதில் வாசிக்கும் முறையைச் சொல்லித்தரவில்லை. பழியை முழுவதும் கைபேசிமீது போடவும் முடியாது. பாடத்தைப் படிக்காமல் பின்பக்க வினாக்களுக்கு மட்டும் விடை தேடும் வழக்கத்தை ‘கைடு’கள் எப்போதோ பழக்கிவிட்டன, தேடுபொறி அதற்கு வேகம் கூட்டியிருக்கிறது.

திருத்தம் சிக்கலானதல்ல. படித்ததன் சாரத்தைச் சில சொற்களில் எழுதச் செய்தபோது திரைக்கும் தாளுக்குமான இடைவெளி குறைந்ததை ஆக்கர்மனின் பிந்தைய ஆய்வு காட்டியது. திரையில் ஒரு பகுதியைப் படித்ததும் அதை மூடிவிட்டுச் சொந்த வார்த்தைகளில் எழுதும் பயிற்சியை எந்த வகுப்பிலும் தொடங்கலாம். ஆனால், பாடநூல் வரிகளை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் என்ற நிலை நீடிக்கும்வரை, அந்தப் பயிற்சியில் மாணவருக்கு அக்கறை பிறக்காது. வினாத்தாள் மாறாமல் வாசிப்பு மட்டும் மாறாது.