வாளுக்கு வட்டி தெரியுமா?

"பசங்க எப்பப் பாரு வாளு, கவசம்னே பேசுதுங்க, உருப்படுமா?" பெங்களூருல நம்ம சனம் நாலு பேரு கூடினா இதே புலம்பல். கடன் ஃபைல் புரட்டுறவன் சொல்றேன், கேளுங்க சாமி.

அந்த ஆட்டம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 2000-ல வந்த மூன்றாம் பதிப்புல, வாளுக்கு +1 மந்திரம் ஏத்த 2,000 பொற்காசு. +2க்கு 8,000. +3க்கு 18,000. +4க்கு 32,000. +5க்கு 50,000. கவசத்துக்கு இதுல பாதி. ஆனா 20 முகப் பகடையில ஒவ்வொரு படிக்கும் கூடுறது அதே 5 சதவீதம்தான்!

"அப்பா, +4ஐ +5 ஆக்க 18,000. அந்தக் காசுல கூட்டாளிக்கு முழுசா ஒரு +3 வாளே வாங்கலாமே?"ன்னு கேட்டான் என் எட்டாங்கிளாஸ் பையன். பி.காம்ல நான் மனப்பாடம் பண்ணி மறந்த இறுதிநிலைச் செலவு அது!

திட்டணும்னா, அப்பா கார்டுல நிஜ ரூபாயைக் கறந்து வாள் விக்கிற செல்போன் ஆட்டத்தைத் திட்டுங்க.

ரெண்டு பெட்ரூம் பத்தாதுன்னு மூணுக்கு இருபது வருஷ இ.எம்.ஐ. கட்டுறோமே, அந்தப் பட்டியலை முதல்ல நாமதான் படிக்கணும்.