சீட் கிடைத்தது, சிநேகம் கிடைத்ததா?

நம் குடியிருப்பில் ஒரு பிள்ளைக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தெருவே திருவிழாக் கோலம். பெற்றவர்கள் வீடு வீடாக மிட்டாய் கொடுக்கிறார்கள். சங்கத்தில் பொன்னாடை போர்த்துகிறோம். மில்லிலும் துறைமுகத்திலும் தோல் பட்டறையிலும் முதுகொடிந்த தலைமுறையின் பேரன் இன்ஜினீயர் ஆகப் போகிறான், பேத்தி டாக்டர் ஆகப் போகிறாள் என்றால் மகிழ்ச்சி வராமல் இருக்குமா? வரட்டும். வர வேண்டும்.

ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளையின் நாலு வருஷம் எப்படிக் கழிகிறது? யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது? பரீட்சைக்கு முதல் நாள் இரவு யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறது? காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? வீட்டார் போனில் கேட்பது ஒரே கேள்வி: “ஒழுங்காப் படிக்கிறியா?” வருவதும் ஒரே பதில்: “படிக்கிறேம்ப்பா.” இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் மறைந்து கிடக்கும் விஷயத்தைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம்.

சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் காஞ்சூர்மார்க். அங்கே இறங்கினால் பவாய் பக்கம். பவாய் ஏரிக்கும் விஹார் ஏரிக்கும் இடையில் இருக்கிறது பம்பாய் ஐ.ஐ.டி. 1958-ல் தொடங்கியது, 1959 மார்ச்சில் நேரு அடிக்கல் நாட்டினார். தாராவியிலிருந்து பார்த்தால் ரயிலில் அரை மணிகூட ஆகாத தூரம். ஆனால் நம் தெருவிலிருந்து அந்த வாசலுக்குள் போய்ச் சேர இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது. போய்ச் சேர்ந்த பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அங்கே படிப்பு கடுமை. வகுப்பு, லேப், வாராவாரம் ஏதாவது ஒரு டெஸ்ட், நடுப் பருவத் தேர்வு, இறுதித் தேர்வு என்று மூச்சு விட நேரம் இராது. ஊரில் முதல் மார்க் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் அதிலும் ஒருவர் கடைசியாகத்தான் வருவார். பல பாடங்களில் மற்றவர்கள் எடுத்த மார்க்கோடு ஒப்பிட்டே கிரேடு போடுகிறார்கள். பள்ளியில் தோல்வியே அறியாத பிள்ளை முதல் செமஸ்டரிலேயே தடுக்கி விழுவது அங்கே அதிசயமல்ல.

விழுந்தவனைத் தூக்கி விடுவது யார்? பேராசிரியர் அல்ல, பக்கத்து அறைக்காரன். ஹாஸ்டலில் ஒரே வராந்தாவில் இருக்கும் அறைகளை ‘விங்’ என்கிறார்கள். அந்த விங்தான் அங்கே குடும்பம். போன வருஷத்துக் கேள்வித்தாள் அங்கேதான் கை மாறுகிறது. எந்தப் பாடத்தை எப்போது எடுக்க வேண்டும், எந்தப் பேராசிரியரிடம் புராஜெக்ட் கேட்கலாம், டிசம்பரில் தொடங்கும் வேலை நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்பதெல்லாம் இரவு பன்னிரண்டு மணிக்கு டீ குடிக்கும்போது காதில் விழுகிற சேதிகள். நோட்டீஸ் போர்டில் இவை ஒட்டப்படுவதில்லை. அந்த டீக் கூட்டத்தில் இல்லாதவனுக்கு அந்தச் சேதியும் இல்லை.

1971-ல் தொடங்கிய ‘மூட் இண்டிகோ’ என்ற கலைவிழாவையும் 1998-ல் தொடங்கிய ‘டெக்ஃபெஸ்ட்’ என்ற தொழில்நுட்ப விழாவையும் மாணவர்களே நடத்துகிறார்கள். ஆட்டம் பாட்டம் என்று நம் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் கம்பெனிகளிடம் பேசிப் பணம் திரட்டுவது, ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது, கணக்கு எழுதுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அங்கே பயிற்சி ஆகிறது. நாளைக்கு நூறு பேரை வேலை வாங்கப் போகிறவன் அங்கேதான் பழகுகிறான். நம் பிள்ளை மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தில் தலையைப் புதைத்திருந்தால் கடைசியில் பட்டம் கிடைக்கும், மற்றது கிடைக்காது.

ஆகவே சிநேகம் என்பது படிப்புக்கு வெளியே உள்ள கேளிக்கை அல்ல. அது படிப்பின் இன்னொரு பாதி. அந்தப் பாதியில் நம் பிள்ளைக்குப் பங்கு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஐ.ஐ.டி.களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 1973-ல் இட ஒதுக்கீடு வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2008-லிருந்து படிப்படியாக வந்தது. போராடிப் பெற்ற உரிமை அது. சட்டம் வாசலைத் திறந்தது. சாப்பாட்டு மேசையைத் திறக்கவில்லை.

புதிதாக வந்த பிள்ளையிடம் முதல் வாரத்தில் கேட்கப்படும் கேள்வி, “உன் ரேங்க் என்ன?” கேட்பதற்கு எளிய கேள்வி. கேட்கப்படுவது ஜாதி. ரேங்க் எண்ணைச் சொன்னால் எந்தப் பட்டியலில் வந்தவன் என்று கணக்குப் போட்டுவிடலாம். இது நம் கற்பனை அல்ல. 2023 ஜூலையில் பம்பாய் ஐ.ஐ.டி. நிர்வாகமே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: ஜே.இ.இ. ரேங்கையோ கேட் மதிப்பெண்ணையோ சக மாணவரிடம் கேட்பது முறையல்ல, ஜாதியைத் துருவுவதாக அது அமைந்துவிடும் என்று அதில் சொல்லியிருந்தது. நோய் இல்லாத இடத்தில் யாராவது மருந்துச் சீட்டு எழுதுவார்களா?

அதே ஆண்டு செப்டம்பரில் 12, 13, 14-ஆம் ஹாஸ்டல்களுக்கான பொது மெஸ்ஸில் ஆறு மேசைகள் சைவம் சாப்பிடுவோருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. எதிர்த்து அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். சைவம் சாப்பிடுவது அவரவர் விருப்பம். அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாலே தீட்டு என்று மேசை பிரிப்பது வெறும் சாப்பாட்டு விஷயமா? ஊரில் டீக்கடையில் தனித் தம்ளர் வைத்தவர்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க விரும்புகிறோம்.

பவாய் மட்டும் இப்படி என்று சொல்லவில்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய 2006-ல் மத்திய அரசு பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தது. 2007-ல் அறிக்கை வந்தது. ஹாஸ்டல் அறைகளில், மெஸ்ஸில், விளையாட்டில் அந்த மாணவர்கள் ஒதுக்கப்பட்டு, சில தளங்களில் ஒன்றாகக் குவிந்து வாழ நேர்ந்ததை அறிக்கை எடுத்துச் சொன்னது. நோயாளியின் உடம்பில் ஜாதி பார்க்கக் கூடாது என்று கற்பிக்கும் இடத்திலேயே அறைத் தோழனில் ஜாதி பார்த்தார்கள்.

ஜாதியோடு முடிவதில்லை. பணமும் இருக்கிறது. 2016-ல் ஐ.ஐ.டி. ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி, மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே உள்ள குடும்பத்தாருக்கும் முழு விலக்கு, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு என்று அப்போது அறிவித்தார்கள். நல்லது. ஆனால் பிறந்த நாள் ‘டிரீட்’டுக்கு விலக்கு உண்டா? நண்பர்கள் கோவா போகும்போது பங்குக் காசுக்கு விலக்கு உண்டா? “எனக்குத் தலைவலி, நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லி அறையிலேயே தங்கிவிடும் பிள்ளைக்குத் தலை வலிக்கவில்லை, பையில் காசில்லை. இதோடு இங்கிலீஷ். மாநகராட்சிப் பள்ளியில் தமிழிலோ மராத்தியிலோ படித்துவிட்டுப் போனவன், வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்று நான்கு வருஷமும் வாயை மூடிக்கொள்கிறான்.

தனிமையின் விலை சிறியதல்ல. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தந்த கணக்கு இது: மத்திய பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.கள் ஆகியவற்றிலிருந்து ஐந்தாண்டுகளில் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் 13,600 பேருக்கு மேல் இடையில் விலகினார்கள். ஐ.ஐ.டி.களில் மட்டும் 3,500 பேருக்கு மேல். வேறு படிப்புக்கு மாறியவர்களும் இதில் உண்டு என்கிறது அரசு. இருக்கலாம். எல்லோருமே சந்தோஷமாகத்தான் மாறினார்கள் என்று அரசாலும் சொல்ல முடியாது.

2023 பிப்ரவரியில் பவாயில் முதலாண்டு தலித் மாணவர் ஒருவர் ஹாஸ்டலில் உயிரிழந்தார். ஜாதிப் பாகுபாட்டுக்கு நேரடிச் சான்று இல்லை என்றது நிறுவனத்தின் விசாரணைக் குழு. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. தில்லி ஐ.ஐ.டி.யில் அதே ஆண்டு இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 மார்ச்சில் அந்த நீதிமன்றம், கல்லூரி மாணவர்களின் மனநலத்தை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் வயிற்றைக் கட்டி அனுப்பிய பிள்ளையின் துக்கத்தைக் கேட்க ஒரு காது இருந்ததா என்று பெற்றோர் கேட்டால், பதில் சொல்லும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு.

நல்ல சேதியும் உண்டு. மூத்த மாணவரைப் புதியவருக்கு வழிகாட்டியாக ஒதுக்கும் ஏற்பாடு பவாயில் இருக்கிறது. அம்பேத்கர், பெரியார், பூலே பெயரில் அங்கே மாணவர்கள் படிப்பு வட்டம் அமைத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் நிர்வாகம் நீக்கியபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பியது. தனியாக இருந்தால் பயம். பத்துப் பேர் சேர்ந்தால் வட்டம். தொழிற்சங்கம் கண்ட நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே நிர்வாகங்களிடம் கேட்கிறோம். வழிகாட்டுதல் ஏட்டில் இருந்தால் போதாது. மீறினால் என்ன நடவடிக்கை என்று எழுதுங்கள். மெஸ்ஸில் மேசை பிரிக்காதீர்கள். மாணவர்களின் மனக்குறை கேட்கும் ஆலோசகர்களில் எல்லாச் சமூகத்தவரும், இந்திய மொழிகளில் பேசுபவர்களும் இருக்கட்டும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. “காலேஜுக்குப் போ, ரூமுக்கு வா, யாரோடும் சேராதே, எந்தச் சங்கத்திலும் பேர் கொடுக்காதே” என்று சொல்லி அனுப்பாதீர்கள். அங்கே வெளியிலிருந்து பலர் கதவைச் சாத்துகிறார்கள். உள்ளிருந்து தாழ்ப்பாளும் போட வேண்டாம். பெண் பிள்ளைகளின் தாய்மார்களே, தந்தைமார்களே, உங்களிடம் இதை இருமுறை சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி.களில் பெண்களுக்கென்று 2018-லிருந்து கூடுதல் இடங்கள் ஏற்படுத்தினார்கள். அந்த இடத்தில் சேர்த்துவிட்டு, நாடகக் குழுவில் சேராதே, இரவில் லைப்ரரியில் தங்காதே என்று போனிலேயே காவல் காத்தால், பாதிப் படிப்பைத்தான் அவளுக்குக் கொடுக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சால்களிலேயே புதிதாகக் குடிவந்தவரிடம், “நீங்க எந்த ஊரு? என்ன ஆளுங்க?” என்று கேட்கும் வழக்கம் ஒழியவில்லை. அந்தக் கேள்விக்கும் ‘ரேங்க் என்ன’ என்ற கேள்விக்கும் தாய் ஒருத்தியே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை ஒழிக்க முடியாது.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! எந்தப் பேட்டையிலிருந்து வருகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். லேபர் கேம்ப், சீத்தா கேம்ப் என்று சொல்வதில் கேவலம் எதுவும் இல்லை. அந்த விலாசம் உழைத்துச் சம்பாதித்தது. ஒரு விளையாட்டு, ஒரு கலைக் குழு, ஒரு படிப்பு வட்டம் இவற்றில் ஒன்றிலாவது சேருங்கள். அடுத்த வருஷம் நம் பேட்டையிலிருந்து வரும் பிள்ளையை ஸ்டேஷனில் போய் அழைத்து வருவது உங்கள் பொறுப்பு.

சங்கக் கிளைகளுக்கு இரண்டு வேலை சொல்கிறோம். உங்கள் பகுதியிலிருந்து வெளியே தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் எடுத்து, மாதம் ஒரு முறை ஒரு தோழர் நேரில் போய்ப் பாருங்கள்; மார்க் கேட்காதீர்கள், சாப்பிட்டாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். கல்லூரி முடித்த மூத்த பிள்ளைகளையும் புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். மனம் உடைந்து தவிக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு கிளை அலுவலகத்துப் பலகையிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.