அழகும் அளவும்: நம் வீட்டுப் பொருள்கள்



நம் வீடுகளில் பொருள்கள் பெருகிவிட்டன. ஆயினும் கையில் எடுத்ததும் மனம் நிறையும்படியானவை எத்தனை? அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம், தொழுமிடத்தில் நம்மை அழகுபடுத்திக்கொள்ளுமாறும் வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் ஒருசேரக் கட்டளையிடுகிறது. அழகும் அளவும் ஓரிடத்தில் கூடி நிற்க இயலும் என்பதற்கு நம் முன்னோர் வீட்டில் புழங்கிய சில பொருள்களே சான்று.

உளூச் செய்யும் கெண்டியை எடுத்துக்கொள்வோம். குறுகிய கழுத்து, பக்கவாட்டில் நீண்ட மூக்கு. சாய்த்தால் நீர் மெல்லிய தாரையாகவே வரும். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில், உளூச் செய்ததாக நபிமொழி கூறுகிறது. திறந்துவிட்ட குழாயின் முன் நின்று அந்த அளவைப் பேணுவது கடினம். கெண்டியோ தன் வடிவத்தாலேயே நம் கையைக் கட்டுப்படுத்துகிறது.

குர்ஆனை வைத்து ஓதும் ரைஹால் பலகையும் அவ்வாறே. ஒரே மரப்பலகையில் ஆணியோ பசையோ இன்றிக் கீலை வெட்டியெடுக்கிறார் தச்சர். விரித்தால் திருமறையைத் தரையிலிருந்து உயர்த்தி, அமர்ந்து ஓதுபவரின் கண்ணுக்கு ஏற்பத் தாங்குகிறது. மடித்தால் வெறும் பலகையாகச் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறது.

இவற்றினும் நம் கவனத்திற்குரியது பாய். நெல்லைச் சீமையின் பத்தமடையில், தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, நுண்ணிய இழைகளாகக் கீறி, பருத்தி நூற்பாவில் கோத்து நெய்கின்றனர். நெய்வோரில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். மிக நுண்ணிய பட்டுப்பாய் துணியைப் போல் மடிகிறது. கோடையில் உடலுக்குக் குளிர்ச்சி தருகிறது. சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டால், உறங்கிய அறையே உண்ணும் அறையாகவும் தொழும் அறையாகவும் மாறுகிறது. பாயின் தடம் பதிந்த நபி (ஸல்) அவர்களின் விலாவைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்த நிகழ்வை நாம் அறிவோம்.

மணமக்களின் பெயரை நெய்த பத்தமடைப் பாயைத் திருமணச் சீராக வழங்குவது நம் வழக்கம். இன்று பல இல்லங்களில் அவ்விடத்தை நெகிழிப் பாய் பிடித்துக்கொண்டது. அது மலிவு என்பது உண்மையே. கையில் பணமில்லாத குடும்பத்தை இதற்காக எவரும் குறைகூற இயலாது. நம் கேள்வி வசதியுள்ளோரை நோக்கியது. ஒரு வேளை விருந்துக்கும் ஒரு நாள் மண்டப அலங்காரத்திற்கும் இலட்சங்களைக் கணக்குப் பாராமல் செலவிடும் நாம், பல நாள் குனிந்தமர்ந்து ஒரு பாயை நெய்த சகோதரியிடம் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி வாதிடுகிறோமே, இது எந்த நீதி? கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. உழைப்புக்கேற்ற விலை கிடைக்காத தறியில் தம் மகளை அமர்த்த எந்தத் தாயும் விரும்பமாட்டாள். ஒரு தலைமுறை தறியை விட்டு எழுந்துவிட்டால், அந்தக் கைத்திறன் மீண்டும் வாய்ப்பது அரிது.

எனவே ஒரு பொருளை வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். தன் பணியை இது செவ்வனே செய்கிறதா? நம் பிள்ளைகளின் காலத்திலும் பயன்படுமா? செய்த கைக்கு உரிய ஊதியம் சேர்ந்ததா? பத்துப் பொருள் வாங்கும் இடத்தில், இம்மூன்றுக்கும் விடைதரும் ஒன்றை வாங்குவோம். கேட்ட விலையை மனமுவந்து கொடுப்போம். எச்செயலையும் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விதியாக்கியுள்ளான். செம்மையாகச் செய்பவரை மதிப்பதும் அதில் அடங்கும்.

அளவறிந்து வாழவும், உழைப்போரின் உரிமையைப் பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.