நோயாளிக்கு மாத்திரை, குடும்பத்துக்குப் பருப்பு எங்கே?

தாம்பரம் சானடோரியம் என்றால் இன்று பலருக்கு அது ஒரு ரயில் நிலையத்தின் பெயர், அவ்வளவுதான். திருநீர்மலை, பம்மல் பக்கத்திலிருந்து அங்கே வந்து ரயிலேறும் உழைப்பாளி மக்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பூர்வீகம் தெரியும்? 1928-ல் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்காக அங்கே ஒரு விடுதியை நிறுவினார். 1937-ல் அன்றைய சென்னை ராஜதானி சர்க்கார் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு ஆஸ்பத்திரி. மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் சானடோரியம் தரக்கூடியது மூன்றே மூன்றுதான்: நல்ல காற்று, ஓய்வு, வயிறாரச் சாப்பாடு. நம் மக்கள் இந்த வியாதிக்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்தார்கள். உடல் உருகுவதைக் கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது.

பிறகு மருந்து வந்தது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில்; படுக்கைகளோ சொற்பம். இந்த நிலையில் 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி துவங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் வைத்தியம். மறு பாதிக்கு அவரவர் குடிசையிலேயே அதே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், குறைவாக ஓய்வெடுத்தார்கள். ஆனாலும் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் க்ஷயரோக வைத்தியத்தின் போக்கையே மாற்றியது. படுக்கை கிடைக்கும்வரை காத்திருந்து செத்துக்கொண்டிருந்த ஏழைக்கு வைத்தியம் வாசலுக்கே வந்தது. சென்னைக்கு இது பெருமைதான், சந்தேகமில்லை.

ஆனால் இந்த முடிவில் தமக்குச் செலவு மிச்சமாகும் பாதியை மட்டுமே ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். மருந்து இருந்தால் போதும், சோறு இரண்டாம் பட்சம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அந்த ஆராய்ச்சி கேட்ட கேள்வி வேறு. நோய் வந்தவன் மருந்தால் பிழைப்பானா என்று அது கேட்டது. நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்றைய விஞ்ஞானம் பதில் சொல்லி வருகிறது. 1882-ல் ராபர்ட் கோக் கண்டுபிடித்த கிருமி உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பத்தில் ஒன்பது பேர் ஆயுள் முழுவதும் நோயில்லாமலே இருந்துவிடுகிறார்கள். நுரையீரலில் காவல் நிற்கும் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாவிட்டால் மற்ற அணுக்கள் சூழ்ந்து நின்று ஒரு முடிச்சுக்குள் அதைச் சிறை வைக்கின்றன. இந்தக் காவலுக்கும் தீனி வேண்டும். உடலின் கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. பட்டினி கிடப்பவர் உடலில் அது குறைந்துபோகிறது. குறைந்தால் காவல் அணுக்களும் சோர்ந்துவிடுகின்றன. 1998-ல் எலிகளை வைத்து நடத்திய சோதனையில் இது நிரூபணமாயிற்று. காவல் சோர்ந்த இடத்தில் சிறை உடைகிறது.

கல் தூசியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். பல்லாவரம், திரிசூலம் மலைகளை வெட்டிச் சென்னையின் கட்டிடங்களுக்கு ஜல்லி கொடுத்த பிரதேசம் இது. சிலிக்கா துகளை விழுங்கும் வெள்ளை அணுவுக்குள் என்ன நடக்கிறது என்பது 2008-ல் தெளிவாயிற்று. அந்தத் துகள் அணுவின் உட்பையைக் கிழிக்கிறது, அபாயச் சங்கு ஊதப்படுகிறது, அழற்சி மூள்கிறது, காலப்போக்கில் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிறது. கிருமியைப் பிடித்துவைக்க வேண்டிய அதே அணுதான் தூசிக்கும் இரையாகிறது. கல்லுடைக்கும் தொழிலாளிக்குக் காசநோய் அதிகம் வருவதில் அதிசயம் என்ன? அவனைப் பார்த்து பீடியை விடு என்று உபதேசம் செய்கிறவர்கள், தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கும்படி குவாரி முதலாளியிடம் சொல்வதுண்டா?

சோறு காசநோயைத் தடுக்குமா என்று மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வறுமை மிகுந்த ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. மங்களூரைச் சேர்ந்த டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முன்னின்று நடத்தினார்கள். சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமும் பங்கு கொண்டது. 1956-ல் முதல் ஆராய்ச்சியை நடத்திய அதே ஸ்தாபனம்தான் இது. 2,800 நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரில் ஒரு சாராருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1½ கிலோ பருப்பு, சத்து மாத்திரை. விளைவு? உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடையே மரணமும் வெகுவாகக் குறைந்தது. 2023-ல் இது உலகப் பிரசித்தி பெற்ற லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. நோய் கண்டவுடனே எடை, உயரம், மூச்சு, பிராணவாயு, எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தான நிலையில் உள்ளவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் திட்டம் 2022-ல் துவங்கியது. எலும்பும் தோலுமாக வருகிறவர்தான் முதலில் சாகிறார் என்பதை அரசே ஒப்புக்கொண்ட திட்டம் இது. ஆனால் அவர் ஏன் எலும்பும் தோலுமாக வந்தார் என்ற கேள்விக்கு ஆஸ்பத்திரியில் விடை கிடைக்காது.

மத்திய சர்க்கார் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நாளொன்றுக்கு 33 ரூபாய் சில்லறை. பாலும் முட்டையும் இதில் எத்தனை நாளைக்கு வரும் என்று எந்தக் குடும்பத் தாய்க்கும் கணக்குத் தெரியும். அதுவும் நோயாளிக்கு மட்டும். குடும்பத்தாருக்கான உணவுப் பொட்டலத்தை, விருப்பப்பட்டு முன்வரும் கொடையாளிகளின் தலையில் கட்டியிருக்கிறார்கள். தனவந்தர் மனமிரங்கினால் பருப்பு, இல்லாவிட்டால் இல்லை! தடுப்பூசியை யாராவது இப்படித் தர்மத்துக்கு விடுவார்களா?

ரேஷனில்தான் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். அரிசி கிடைக்கிறது; அது நமது மக்கள் போராடிக் காத்த உரிமை. ஆனால் துவரம் பருப்பு ஒரு கார்டுக்கு மாதம் 1 கிலோதான். ஜார்க்கண்டில் பலன் தந்தது ஆளுக்கு 1½ கிலோ. தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் ஒரே அறையில் நெருக்கிப் படுக்கும் வெளி மாநிலத் தொழிலாளிகளுக்கு அந்த ஒரு கிலோவும் கிடையாது. ஒருவன் இருமினால் அறையில் உள்ள அத்தனை பேரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அறைதான் குடும்பம்.

எனவே நமது கோரிக்கை இதுதான். காசநோய் கண்டறியப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு தொழிலாளர் அறையிலும், உள்ள அத்தனை பேருக்கும் ஆறு மாதத்துக்கு ரேஷன் கடை மூலமே அரிசியும் பருப்பும் எண்ணெயும் வேண்டும். எந்த மாநிலத்துக் கார்டு என்று கேட்கக் கூடாது. நோயாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து இருமலை மறைப்பவன் மருந்துக்கு வரமாட்டான். தாம்பரம் மாநகராட்சி இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாநில அரசுக்கு அனுப்பட்டும். வார்டு உறுப்பினர்களைச் சந்தித்து இதைக் கேட்கும் வேலையைத் திருநீர்மலையிலிருந்தே துவக்குவோம்.