பார்க்கிற ஏரியும் குடிக்கிற ஏரியும்

ஜெர்மனிக்குப் போய்த் திரும்பும் நம்மவர்கள் போடன்சே ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்துவதில்லை. கரையிலுள்ள உபெர்லிங்கன் நகரம், உலாவும் பாதை, படகுகள், தூரத்தில் ஆல்ப்ஸ் மலை என்று எல்லாவற்றையும் வர்ணித்துவிட்டு, "நம் ஊரிலும் இருக்கிறதே!" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

விடட்டும். ஆனால், பார்த்ததை முழுவதும் பார்த்துவிட்டல்லவா பெருமூச்சு விட வேண்டும்? உபெர்லிங்கனுக்குப் பக்கத்தில் சிப்ளிங்கன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே சுமார் 60 மீட்டர் ஆழத்திலிருந்து ஏரித் தண்ணீரை எடுத்து, ஸ்டுட்கார்ட் முதலிய ஊர்களில் ஏறக்குறைய 40 லட்சம் பேருக்குக் குடிநீராக அனுப்புகிறார்கள். உல்லாசப் பயணி படகு விடும் ஏரியும் ஊரார் குடிக்கும் ஏரியும் ஒன்றேதான்!

அந்த ஏரி தானாகவே சுத்தமாகிவிடவில்லை. 1970களில் அதிலும் கழிவுநீர் கலந்து, பாஸ்பரஸ் ஏறி, பாசி மண்டியது. ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகள் கரை நெடுகச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டித்தான் அதை மீட்டன. மலையை இயற்கை கொடுத்தது. தண்ணீரைக் காப்பாற்றியது ஜனங்களின் வரிப்பணம்.

இனி நம் சோழவரத்துக்கு வருவோம். தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திரும்பும் கொசஸ்தலையாற்று வெள்ளம் இந்த ஏரியில் தங்கிப் புழலுக்குப் போகிறது. அங்கிருந்து சென்னையின் சமையலறைகளுக்குப் போகிறது. நிறைந்தால் 100 கோடி கன அடிக்கு மேல் கொள்ளும். ஆயினும் சென்னைவாசிக்குச் சோழவரம் என்றதும் ஞாபகம் வந்தது, பழைய விமான ஓடுபாதையில் நடந்த மோட்டார் பந்தயம்தான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை வந்த பிறகு அந்த ஞாபகமும் போயிற்று. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது கொஞ்சம் விழித்துக்கொண்டோம். மழை பெய்தது, மறுபடி தூங்கிவிட்டோம்.

"குடிநீர் ஏரிக்கு ஜனங்களை விட்டால் அசுத்தமாகிவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயந்தான். ஹோட்டலும் விசைப்படகும் இங்கே வேண்டாம். கரைமேல் நிழல்மரங்களோடு ஒரு நடைபாதை, இன்றைய நீர்மட்டம் இன்னது என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை, பள்ளிக் குழந்தைகளுக்கு மதகைக் காட்டி விளக்க ஓர் ஆள். இவை போதும். ஆள் நடமாட்டமில்லாத கரையில்தான் குப்பை லாரி துணிந்து வந்து நிற்கும். கண்ணால் காணாத ஏரிக்காக யார் சண்டைக்கு வருவார்கள்?

ஆல்ப்ஸ் மலையை இறக்குமதி செய்ய முடியாது. கழிவுநீரைத் தடுக்கும் சட்டத்தையும், அதைக் கேட்டு வாங்கும் ரோஷத்தையும் இங்கேயே உண்டாக்கிக்கொள்ளலாம். அடுத்த தடவை பெருமூச்சு விடும் நண்பரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, தாங்கள் குடிக்கும் ஏரியைப் பார்த்ததுண்டா?"