கப்ராஹட் என்றொரு மூட்டை

தில்லியில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். இந்தி ஓரளவு வசப்பட்டுவிட்டது, கடனைக் கட்டாதவரிடம் சண்டை போடும் அளவுக்கு. ஆனாலும் ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்காக ஆஸ்பத்திரியில் நாம் மொழிபெயர்க்கும்போது வந்து விழும் ஒரு சொல்லைக் கேட்டால் எனக்குப் பகீரென்கிறது. கப்ராஹட்.

இந்திக்காரர்கள் மனக்கலக்கத்தையும் கப்ராஹட் என்பார்கள், நெஞ்சு படபடப்பதையும் கப்ராஹட் என்பார்கள். நம் பெரியவர்கள் அப்படியில்லை. "மூச்சு முட்டுது", "நெஞ்சை அடைக்குது", "படபடன்னு வருது", "கிறுகிறுங்குது" என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நாம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி டாக்டர் மேஜையில் இறக்கிவிடுகிறோம். புது ஊர், பாஷை தெரியாது, அறுபது வயது அம்மா, கப்ராஹட். அவர் வேறென்ன எழுதுவார்? டென்ஷன், ஒரு தூக்க மாத்திரை.

பக்கத்து பிளாக்கில் பெண் வீட்டுக்கு வந்த திருநெல்வேலிக்காரம்மா ஒருவருக்கு இப்படி மூன்று முறை எழுதினார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுவிட்ச் போட்ட மாதிரி நெஞ்சு ஓடும், அணைத்த மாதிரி நிற்கும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடுவதால் ஈசிஜி சுத்தம். நாலாவது முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தார்கள். நிமிடத்துக்கு 180. பி.எஸ்.வி.டி. என்கிற, இதயத்தின் மின்னோட்டத்தில் வரும் கோளாறு. பயம் என்பது மற்றதை எல்லாம் பார்த்து முடித்தபிறகு வரவேண்டிய முடிவு என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பயத்தாக்குதல் வேறு மாதிரி. சட்டென்று ஏறும், பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் அரைமணியில் வடிந்துவிடும். வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரலும் உதட்டோரமும் மரத்துப் போகும். ஆனால் தடிப்பு வராது, உதடு வீங்காது.

அலர்ஜியில் அவை வரும். சாப்பாடு, மாத்திரை, குளவிக்கடி என்று முன்னால் ஏதாவது நடந்திருக்கும், சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். தடிப்போடு இளைப்பு, வாந்தி, மயக்கம் சேர்ந்தால் அது உயிர் விஷயம். இதில் ஒரு பொறி இருக்கிறது: கடுமையான அலர்ஜியிலும் "ஏதோ ஆகப்போகுது" என்ற மரணபயம் வரும். எனவே பயப்படுகிறார் என்பதே பயத்தாக்குதலுக்குச் சாட்சி ஆகாது. அப்போது வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டு டப்பாவில் இருக்கும் செட்ரிசின் அரிப்பைக் குறைக்குமே தவிர, விழுகிற பிரஷரைத் தூக்காது.

சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு வியர்த்து நடுங்கினால் முதலில் குளுக்கோமீட்டர். 70க்குக் கீழே என்றால் அது பயம் இல்லை, சர்க்கரைக் குறைவு. கை நடுக்கத்தோடு எடையும் குறைந்துவந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். நாற்பது தாண்டியவருக்கு முதல்முறையாக நெஞ்சு அடைத்தால் சோடா, இஞ்சிச்சாறு, "கேஸ்தான்" எல்லாம் வேண்டாம், நேரே ஈசிஜி.

(தில்லிக் குளிர்காலப் புகையில் ஆஸ்துமாவும் சேர்ந்துகொள்ளும். இங்கே ரிட்ஜ் காடெங்கும் நிற்கும் விலாயதி கீகரின் மகரந்தமும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வேறொன்றுமில்லை, நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்தான். இங்கும் வந்து உயிரை வாங்குகிறது.)

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்த கரூர்ப் பையனுக்கு மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மூச்சடைப்பு. ஈசிஜி, தைராய்டு எல்லாம் சரி. ஆனால் அவன் பிடிவாதமாக "சார், எனக்கு அலர்ஜி" என்றான். லேப்காரன் ஒரு பேக்கேஜை விற்றான், முட்டை, கோதுமை, கத்தரிக்காய் உட்பட இருபது ஐட்டம் பாசிட்டிவ். ஐ.ஜி.ஈ. சோதனையில் பாசிட்டிவ் வந்தால் உடம்புக்கு அந்தப் பொருள் அறிமுகம் என்றுதான் பொருள், சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கு அது அலர்ஜி இல்லை. ஐ.ஜி.ஜி. சோதனையை உணவு அலர்ஜிக்கு எடுக்கவே வேண்டாம் என்கிறார்கள் அலர்ஜி நிபுணர்கள். பையன் ஆறு மாதம் தயிர்சாதத்தில் ஓட்டினான், மூச்சடைப்பு நிற்கவில்லை. மனநல மருத்துவரிடம் போனபிறகு நின்றது. பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரையும் இதற்கு நன்றாகவே கேட்கும்.

அவன் ஏன் அலர்ஜியைக் கட்டிக்கொண்டு அழுதான் என்பது எனக்குப் புரிகிறது. அலர்ஜி என்றால் ஊரில் போனில் சொல்லலாம், பெண் பார்க்கும் இடத்தில் சொல்லலாம். மனசு என்றால்? "அவனுக்கு என்ன குறைச்சல், பாங்க் வேலை" என்பார்கள். கேரட், பீட்ரூட் போல வியாதியிலும் நாம் நல்லது கெட்டது பொறுக்குகிறோம்.

நம் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று. 2017 மனநலச் சட்டப்படி, உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும். வெளிநோயாளிச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் உடம்புக்கே தருவதில்லை, அது தனிக்கதை. பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

அப்புறம், ஊரிலிருந்து வந்தவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம், முன்னால் என்ன சாப்பிட்டார், தடிப்பு உண்டா. மனசு விஷயம்தான் என்று தெரிந்துவிட்டால் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசலாம்.