தொழிலாளிக்குத் தடை, கம்பெனிக்குச் சலுகை

2020 மே முதல் வாரத்தை அரியலூர், பெரம்பலூர்த் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள், அங்கே நோய் பரவி, மே 5-ல் மார்க்கெட்டும் மூடப்பட்ட நிலையில், கிடைத்த லாரியில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சோதித்துப் பார்த்தால், அரியலூர் மாவட்டத்தில் மட்டும் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா! சொந்த ஊரே அவர்களைக் குற்றவாளிகளைப்போல் பார்த்தது. அதுவரை சென்னைக்காரன் குழம்புக்குக் காய் சுமந்தவன், திடீரென்று நோயைச் சுமந்து வந்தவன் ஆகிவிட்டான்.

அவன் ஏன் அப்படி வந்தான்? மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. நான்கு மணி நேரத்தில் பஸ்ஸுக்கு எங்கே போவான்? நகரத்துக்குக் காய்கறி வேண்டும் என்பதற்காகக் கோயம்பேடு மட்டும் திறந்திருந்தது. அந்த நெரிசலில் அவனை நிறுத்தி வைத்து வேலை வாங்கினார்கள். நோய் வந்தபிறகு கதவைச் சாத்தினார்கள். இதில் குற்றவாளி யார் என்பதைத் தோழர்களே சொல்லட்டும்.

பிறகு வந்தது ‘இ-பாஸ்’. மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டுமானால் கல்யாணம், சாவு, வைத்தியம் என்று காரணம் காட்டிக் கம்ப்யூட்டரில் மனுப் போடவேண்டும். வேலை தேடிப் போகிறேன் என்பது காரணமாகாது! பாஸை விலைக்கு விற்றதாகச் சென்னையில் சர்க்கார் ஊழியர்கள் உட்படச் சிலர் கைதானதும் அப்போதுதான். 2020 செப்டம்பர் 1-ல்தான் மாவட்டங்களுக்கிடையே அந்தத் தொல்லை ஒழிந்தது.

நோய்க் காலத்தில் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று நாம் வாதாடவில்லை. தடுப்பூசியை எதிர்க்கவும் இல்லை. அது எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது. மிக அபூர்வமாக இரத்தக் கட்டு உண்டாகலாம் என்று 2024-ல் ஆஸ்ட்ராஜெனகா பிரிட்டிஷ் கோர்ட்டில் ஒப்புக்கொண்டதை வைத்து, ஊசியே மோசடி என்று கிளப்பிவிடுகிறவர்களோடு நமக்கு உறவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். கூலிக்காரன் காலுக்கு நான்கு மணி நேரத்தில் சட்டம் போட முடிந்த சர்க்காருக்கு, ஊசிக் கம்பெனியின் கல்லாவுக்கு ஒரு சட்டம் போட முடியாமற் போனது ஏன்?

கணக்கைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் சீரம் கம்பெனி அறிவித்த விலை: அதுவரை மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய்க்குக் கொடுத்துவந்த அதே கோவிஷீல்டு, மாநிலத்துக்கு 400, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600! பாரத் பயோடெக் அதையும் மிஞ்சியது. கோவாக்சின் மாநிலத்துக்கு 600, தனியாருக்கு 1200. அந்தக் கோவாக்சின் யாருடைய சொத்து? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து, புனேயிலுள்ள பொது ஆராய்ச்சி நிலையம் பிரித்தெடுத்த கிருமியைக் கொண்டு உருவானது. பொதுப்பணத்தில் பிறந்த பிள்ளையைப் பெற்றவர்களுக்கே விலைக்கு விற்றார்கள். கூக்குரல் எழுந்ததும் 300, 400 என்று இறங்கினார்கள். ஒரே வாரத்தில் நூறும் இருநூறும் குறைக்க முடிந்ததென்றால் முதலில் சொன்ன விலைக்கு என்ன பெயர்?

தமிழ்நாடு உலக டெண்டர் விட்டது, எவரும் முன்வரவில்லை. பஞ்சாப் கேட்டதற்கு மாடர்னா, டில்லியோடு மட்டுமே பேசுவோம் என்றது. பைசரோ, ஊசியால் தீங்கு நேர்ந்தால் வழக்கே வரக்கூடாது என்று காப்புறுதி கேட்டது. பதினெட்டு முதல் நாற்பத்துநான்கு வயதுக்காரர்களைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னதை, முதல் பார்வைக்கே தன்னிச்சையானது, நியாயமற்றது என்று சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தபிறகுதான், ஜூன் 21 முதல் எல்லோருக்கும் இலவசம் என்றது டில்லி. அப்போதும் நாலில் ஒரு பங்கு தனியாருக்கு!

லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வேறொரு வேதனை. விடுமுறைக்கு வந்த வளைகுடாத் தொழிலாளி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்த ஊசியைப் போட்டுக்கொண்டான். அது கோவாக்சினாக இருந்துவிட்டால்? சவூதி உள்ளிட்ட சில நாடுகள் பல மாதம் அதை ஏற்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021 நவம்பர் 3-ல்தான் அங்கீகரித்தது. ஆராய்ச்சி முடிவு முழுதாக வருமுன்பே ஜனவரியில் அனுமதி கொடுத்து அவசரப்பட்டது சர்க்கார்; விசா போனதும் வேலை போனதும் தொழிலாளிக்கு.

இதற்கு மாற்றே இல்லையா? நம் பாட்டன்மார் கையிலே அம்மைப்பால் குத்தியது கம்பெனியா? கிண்டி கிங் நிலையத்தில் தயாரித்தது, சர்க்கார் ஆள் ஊருக்கு வந்து குத்திவிட்டுப் போனார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-லிருந்து இருக்கிறது, கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948-லிருந்து. இரண்டின் உற்பத்தி உரிமத்தையும் கசௌலி நிலையத்தின் உரிமத்தோடு சேர்த்து 2008 ஜனவரியில் மத்திய சர்க்காரே நிறுத்திவைத்தது. இரண்டு வருஷம் கழித்துத் தடை நீங்கியது. அதற்குள் சந்தை தனியார் கைக்குப் போய்விட்டது. செங்கல்பட்டில் நூறு ஏக்கரில், அறுநூறு கோடிக்கு மேல் கொட்டிக் கட்டிய மத்திய சர்க்காரின் தடுப்பூசி ஆலையிலிருந்து, நாடே ஊசிக்குத் தவித்த 2021-ல் ஒரு குப்பிகூட வெளிவரவில்லை.

அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1979 முதல் அங்கே சர்க்கார் சிமெண்ட் ஆலை இருக்கிறது. 2021-ல் தனியார் சிமெண்ட் விலை ஏறியபோது, ‘வலிமை’ என்று ஒரு மூட்டையைச் சந்தைக்கு அனுப்ப மாநிலத்தால் முடிந்தது. சொந்தச் சூளை இருந்ததால் முடிந்தது. ஊசிக்கு அப்படியொரு சூளை ஓடிக்கொண்டிருந்தால் 400 என்று கேட்டிருப்பார்களா?

2025 மே 20-ல் ஜெனீவாவில் உலக நாடுகள் தொற்றுநோய் ஒப்பந்தம் ஒன்றை ஏற்றன. பயணத் தடையோ ஊரடங்கோ போட உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அதிகாரமில்லை என்று அதிலே எழுதியிருக்கிறது. ஆகவே அடுத்த முறையும் பூட்டுவது டில்லிதான். அதில் பங்கேற்கும் கம்பெனிகள் நோய்க்காலத்தில் உற்பத்தியில் 20 சதவீதத்தை ஒதுக்கவேண்டும், அதில் பாதியாவது நன்கொடையாக இருக்கவேண்டும் என்றும் இருக்கிறது. ‘பங்கேற்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விரும்பினால் சேரலாம்! கோயம்பேட்டுத் தொழிலாளியிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை.

பெரம்பலூர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும், அரியலூர் அடங்கிய சிதம்பரம் தொகுதியின் உறுப்பினரும் சபையில் எழுந்து செங்கல்பட்டு ஆலையின் கணக்கைக் கேட்கட்டும். எத்தனை கோடி போட்டீர்கள், எத்தனை குப்பி வந்தது, யார் தடுத்தது என்று கேட்கட்டும். நம் சங்கங்கள் அந்தக் கேள்வியைத் தீர்மானமாகப் போட்டு இருவர் கையிலும் நேரில் கொடுக்கவேண்டும்.